இது திரட்டிதானேடா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆய்வுக்கூட வேலை ஒரு பக்கம், ஜெர்மன் மொழித் தேர்வு ஒரு பக்கம். நடுவுல வேண்டாத வேலை ஒண்ணையும் இழுத்துப் போட்டுக்கிட்டேன். ப்ளூஸ்கைல தமிழுக்குன்னு ஒரு ஃபீட் எழுதி ஓடவிட்டிருக்கேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

என் சித்தப்பா மதுரையில இருக்கார். பழைய வலைப்பதிவர், திரட்டிகள் கோலோச்சின காலத்து ஆள். (அப்போ நான் மூணாம் வகுப்பு. அவர் பதிவு எழுதுற நேரத்துல கம்ப்யூட்டர் பக்கம் போனா உதை விழும்.) அவர்கிட்ட போன்ல இந்த ஃபீட் எப்படி வேலை செய்யுதுன்னு அரை மணி நேரம் விளக்கினேன். சர்வர், நெறிமுறை, மையமில்லாத கட்டமைப்புன்னு நானும் விடாம அடிச்சு ஆடினேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "ஏன்டா, இது திரட்டிதானேடா?"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார்.

யோசிச்சுப் பார்த்தா ஆமாம்தான். ஆளாளுக்கு பிளாக்கர்ல, வேர்ட்பிரஸ்ல சொந்தமா ஒரு வீடு. எல்லார் வீட்டு வாசலையும் ஒரே இடத்துல காட்ட ஒரு திண்ணை. 2004ல காசி ஆறுமுகம் தமிழ்மணம் ஆரம்பிச்சப்போ செஞ்சது அதைத்தான். எழுத்து அவங்கவங்க வீட்டுல, கண்டுபிடிக்கிற வசதி மட்டும் திண்ணையில. திண்ணை பிடிக்கலைன்னா தேன்கூடுன்னு இன்னொரு திண்ணை இருந்தது. அப்புறம் எல்லாரும் ஃபேஸ்புக், ட்விட்டர்னு குடிபெயர்ந்தப்போ வீடும் திண்ணையும் ஒரே முதலாளிக்குப் போயிடுச்சு. யார் எழுத்து யார் கண்ணுல படணும்னு முடிவு பண்றதும் சேர்ந்தே போச்சு.

நிற்க. நான் படிக்கிற ஊர் யேனா. மாஸ்டடானை எழுதின ஓய்கென் ரோச்கோ இந்த ஊர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர். 2016ல வெளியிட்டார். இங்க வந்த புதுசுல ஊர்ப்பாசத்துல நானும் அதுல ஒரு கணக்கு திறந்தேன். நல்ல இடம், விளம்பரம் இல்லை, சண்டை கம்மி. ஆனா தமிழைத் தேடினா வெறிச்சோடிக் கிடந்தது. தமிழ் ஆட்கள் அங்க இல்லாம இல்லை. என் சர்வருக்கு அவங்களைத் தெரியலை, அவ்வளவுதான்.

மாஸ்டடான்ல ஒவ்வொரு சர்வரும் தனித் தனி ஊர். ஒரு ஊர்ல இருக்கிற யாராவது ஒருத்தர் வெளியூர்க்காரரைப் பின்தொடர்ந்தாத்தான் அவர் எழுதுறது பொதுவா இந்த ஊருக்கு வந்து சேரும். தெருவுல ஒருத்தர் வீட்டுலயாவது பேப்பர் வாங்கினாத்தானே ஓசியில படிக்கப் போக முடியும்? யேனாவில் தமிழ்ப் பேப்பர் வாங்க ஆள் இல்லை. ஹேஷ்டேக் போட்டுத் தேடினாலும் என் ஊருக்கு வந்து சேர்ந்த பதிவுகளுக்குள்ளதான் தேடும். முழு உரையில் தேடுற வசதியே 2023 செப்டம்பர்ல 4.2 பதிப்புலதான் வந்தது, அதுவும் எழுதினவர் சம்மதம் கொடுத்திருந்தா மட்டும். இதை அசட்டையால விட்டாங்கன்னு சொல்ல முடியாது. தேடல் ரொம்ப சுலபமா இருந்தா, வம்பு இழுக்க நினைக்கிறவங்களுக்கும் ஆள் தேடுறது சுலபம். அந்த பயம் நியாயமானது. ஆனா அதுக்கு விலை கொடுக்கிறது சின்ன மொழிக்காரங்க. ஜெர்மன்காரருக்குப் பக்கத்து வீட்டுலயே நூறு பேர் இருக்காங்க, எனக்கு ஒருத்தரும் இல்லை.

ப்ளூஸ்கை வேற வழியில போச்சு. உங்க பதிவுகள் ஒரு கிடங்குல இருக்கும். எல்லாக் கிடங்குல இருந்தும் புதுப் பதிவுகளை வாரி எடுத்து ஒரே ஓடையா ஓடவிட ஒரு சர்வர் இருக்கு. அந்த ஓடையில யார் வேணும்னாலும் குடத்தை வைக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். 2023 மே மாசத்துல இதோட சேர்த்து ஃபீட் எழுதுற வசதியைக் கொடுத்தாங்க. ஃபீட்னா பெரிய மாயமில்லை. ஒரு சின்ன நிரல். 'இந்த வாசகர் வந்திருக்கார், என்ன காட்டட்டும்?'னு கேட்டா, பதிவுகளோட முகவரிகளை வரிசையா அடுக்கித் திருப்பித் தரணும். பதிவை எடுத்து வந்து அலங்காரம் பண்ணிக் காட்டுறதெல்லாம் செயலி பார்த்துக்கும். வரிசையை முடிவு பண்றது மட்டும் நம்ம வேலை. எழுதத் தெரியாதவங்களுக்கு ஸ்கைஃபீட், கிரேஸ் மாதிரி கருவிகளும் வந்தன.

'திறந்த அல்காரிதம்'ங்கிற சொல்லையே இப்போ ஆளாளுக்கு ஒரு அர்த்தத்துல சொல்றாங்க. 2023 மார்ச் 31 அன்னிக்கு ட்விட்டர் தன்னோட பரிந்துரை நிரலைப் பொதுவுல போட்டது. அடுத்த சில நாள்ல மதிப்பெண் கணக்கும் தெரிய வந்தது. லைக்குக்கு 0.5, மறுட்வீட்டுக்கு 1, பதிலுக்கு 13.5, அந்தப் பதிலை எழுதினவரே கண்டுக்கிட்டா 75, புகார் பண்ணினா மைனஸ் 369. (இதெல்லாம் நேரடி எண்ணிக்கைக்கு இல்லை. 'இந்த ஆள் இதைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு'ங்கிற கணிப்பைப் பெருக்குற எண். அரிதா நடக்கிறதுக்குப் பெரிய எண் இருக்கிறது இயல்பு.) எழுதினவர் எலான் மஸ்க்கான்னு குறிக்கிற ஒரு வரிகூட அதுல இருந்தது. சும்மா அளவீட்டுக்குன்னு சொல்லிட்டு உடனே எடுத்துட்டாங்க. படிக்க சுவாரஸ்யம்தான். ஆனா அந்தக் கணிப்பைப் பண்ற மாதிரியைப் பழக்கின தரவு கையில இல்லை. 13.5ஐ 3ன்னு மாத்திப் பார்க்கணும்னா எனக்கு வழியும் இல்லை. ஹோட்டல்காரர் சமையல் குறிப்பைக் கண்ணாடிச் சட்டத்துல மாட்டி வச்சிருக்கார், ஆனா அடுப்படிக்குள்ள விடமாட்டார்.

ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருக்கு. இங்க மாசம் நாலரைக் கோடிப் பேருக்கு மேல புழங்குற தளங்கள், உங்க நடத்தையை வச்சுக் கணிக்காத ஒரு வரிசையையாவது தேர்வுக்குத் தரணும்னு சொல்லுது. நல்லது. ஆனா அந்த ஒண்ணையும் அதே முதலாளிதான் சமைக்கிறார்.

சரி, கைவேலைக்கு வருவோம். தமிழ்ப் பதிவுகளை மட்டும் பிரிச்சு எடுக்கிறது அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். பதிவோட மொழி என்னன்னு ஒரு குறிப்பு கூடவே வரும். அது செயலியோட அமைப்புல இருந்து வர்றது. நம்மாளுங்க பாதிப் பேர் செயலியை ஆங்கிலத்துல வச்சுக்கிட்டுத் தமிழ்ல எழுதுறாங்க. அதனால சுத்தத் தமிழ்க் கவிதைக்குக்கூட 'ஆங்கிலம்'னு முத்திரை விழுது. அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுட்டு, யூனிகோட்ல தமிழுக்குன்னு ஒதுக்கின 128 இடங்கள்ல இருந்து எழுத்து எவ்வளவு வருதுன்னு எண்ண ஆரம்பிச்சேன். அது பலிச்சது. தங்கிலீஷ்காரங்க மன்னிக்கணும், உங்களை இன்னும் பிடிக்க முடியலை.

அடுத்தது சொற்கள். பைத்தான்ல சொல்லைப் பிரிக்க எல்லாரும் வழக்கமா பயன்படுத்துற ஒரு குறியீடு இருக்கு. அதுகிட்ட 'தமிழ்'னு கொடுத்தா 'தம', 'ழ'ன்னு ரெண்டு துண்டாத் திருப்பித் தருது! கொக்கியும் புள்ளியும் அதோட கணக்குல எழுத்தே இல்லை. வேற நூலகம் போட்டு அதைச் சரிபண்ணினா அடுத்து வேற்றுமை உருபு வந்து நிக்குது. 'மழை'ன்னு தேடினா மழையில், மழைக்கு எல்லாம் கிடைக்கும். 'ஆறு'ன்னு தேடினா ஆற்றில் கிடைக்காது, 'வீடு'ன்னு தேடினா வீட்டுல கிடைக்காது, 'மரம்' மரத்துக்கு வராது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிஞ்சது நிரலுக்குத் தெரியலை. பெரிய நிறுவனம் இதைச் சரிபண்ணும்னு காத்திருக்கலாம், நம்ம முறை வர்றவரைக்கும். (ஒரு நல்ல விஷயமும் சொல்லிடணும். ப்ளூஸ்கையோட 300 எழுத்து வரம்புல 'மி', 'கூ' எல்லாம் ஒரே எழுத்தாத்தான் கணக்கு. நம்ம தமிழய்யா எண்ணுற மாதிரியே.)

இதெல்லாம் இயந்திர வேலை, உட்கார்ந்தா முடிஞ்சுடும். உண்மையான தலைவலி வரிசைதான்.

ஹேக்கர் நியூஸ் தளம் பயன்படுத்தினதா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சூத்திரம் இருக்கு. ஓட்டுல ஒண்ணைக் கழிக்கணும். பதிவோட வயசை மணியில எடுத்து, 2 கூட்டி, 1.8 அடுக்கு ஏத்தி, அதால வகுக்கணும். பழசு இறங்கும், புதுசு ஏறும். நிறைய ஃபீட்கள் இதைத்தான் அப்படியே எடுத்துப் போடுறாங்க. தமிழுக்கு இதைப் போட்டா என்ன ஆகுது? டொரன்டோவில் ஒருத்தர் கோடைக்கால மாலை 4 மணிக்கு எழுதுறார்னு வைங்க. சென்னையில அப்போ ராத்திரி ஒன்றரை. சென்னைக்காரர் மறுநாள் பதினொன்றரை மணி டீக்கு போனைக் கையில எடுக்கும்போது பதிவுக்கு வயசு 10 மணி நேரம். அதுக்கு 10 லைக் இருந்தா மதிப்பெண் 0.10. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி வந்த, வெறும் 2 லைக் வாங்கின 'காலை வணக்கம்' படத்துக்கு 0.14. வணக்கம் மேல, டொரன்டோக்காரர் கீழ. நாள் முழுக்க ஜனம் குவியுற, நிமிஷத்துக்கு நிமிஷம் புதுசு வந்து விழற ஒரு சந்தைக்கு எழுதின சூத்திரம் அது. யாழ்ப்பாணம், சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொரன்டோன்னு சிதறிக் கிடந்து, ஆளுக்கு ஒரு நேரத்துல கண் முழிக்கிற கூட்டத்துக்கு அது ஒத்துவரலை. என் ஃபீட்ல ஒரு பதிவு மூணு நாள் உயிரோட இருக்கும்படி அந்த அடுக்கைக் குறைச்சேன்.

அப்புறம் வந்தது சண்டை. பதிலுக்கு மதிப்பெண் கூட்டினா உரையாடல் மேல வரும்னு எதிர்பார்த்தா, ஒரு புதுப்பட வாரத்துல ரெண்டு ரசிகர் கூட்டம் அடிச்சுக்கிட்டதுதான் மேல வந்தது. சித்தப்பாகிட்ட புலம்பினேன். சிரிச்சார். "எங்க காலத்துலயும் இதேதான். 'சூடான இடுகைகள்'னு ஒரு பட்டியல் வரும். யார் எவ்வளவு சொடுக்கினாங்கங்கிறதுதான் கணக்கு. அதுல ஏறணும்னே தலைப்பு வைப்பானுங்க. உள்ள போனா ஒண்ணும் இருக்காது. பின்னூட்டம் வந்த இடுகைன்னு இன்னொரு பட்டியல். அதுல நிக்கிறதுக்காகவே நாலு பேர் சேர்ந்து விடிய விடியக் கும்மியடிப்போம்." (அடிப்போம்னு சொன்னதை கவனிங்க!)

"அப்போ உருப்படியா எதுதான் இருந்துச்சு சித்தப்பா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "நட்சத்திர வாரம்டா. வாரம் ஒருத்தரைக் கூப்பிட்டு முகப்புல உட்கார வைப்பாங்க. அந்த ஏழு நாள் அவர் எழுதுறதுதான் எல்லார் கண்ணுலயும் படும். அடுத்த வாரம் வேற ஆள். எனக்கு அப்படித்தான் பாதிப் பேரைத் தெரியும்."

இதைக் கேட்டதும் எனக்கு சூத்திரத்துல என்ன குறைன்னு விளங்கிடுச்சு. கோடிப் பேர் இருக்கிற இடத்துல தரவரிசை சரி. சில ஆயிரம் பேர் மட்டும் இருக்கிற இடத்துல எந்தத் தரவரிசை போட்டாலும் அதே பத்துப் பேர்தான் மேல நிப்பாங்க, ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்ச பத்துப் பேர். அவங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஃபீட் எதுக்கு? எங்க சிவகங்கைப் பக்கம் கண்மாயில தண்ணி குறைஞ்சா முறை வச்சுத்தான் பாய்ச்சுவாங்க. நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பார். மடை பக்கத்து வயல்காரன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவன் முறை முடிஞ்சா அடைச்சுட்டுக் கடைமடைக்கு விடணும். பார்க்கிற கண்ணும் குறைஞ்ச தண்ணி மாதிரிதான்.

இப்போ என் ஃபீட் அப்படித்தான் ஓடுது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பதிவுக்கு மேல கிடையாது, எவ்வளவு லைக் வாங்கினாலும் சரி. ஒரு மாசமா ஃபீட்ல தலைகாட்டாத ஆள் எழுதினா முதல் அஞ்சு இடத்துல ஒண்ணு அவருக்கு. பதில் கணக்குல, எத்தனை பதில்னு பார்க்கிறதில்லை, எத்தனை வேற வேற ஆள்னு பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு ஓட்டுன்னதும் கும்மி அடங்கிடுச்சு. ஒரு இடம் குலுக்கல். குலுக்கல்ல மேல வந்து நான் கண்டெடுத்தவர் ஒருத்தர் இருக்கார். பனையோலைக் கூடை முடையுறதைப் படிப்படியா எழுதுறார். நல்ல நாள்லயே மூணு லைக் தாண்டினதில்லை. எந்தச் சூத்திரமும் அவரை என்கிட்ட கொண்டு வந்திருக்காது.

இதுக்கும் எதிர்ப்பு வந்தது. நிறைய எழுதுற ஒருத்தர், "என் பதிவு ஏன் வரலை? நீ எந்தக் கட்சிக்காரன்?"னு பொதுவுலயே கேட்டார். நிரல்ல அந்த வரியை எடுத்துக் காட்டினேன்: ஒருத்தருக்கு ரெண்டு. எனக்கும் அவ்வளவுதான், என் மூணாவது பதிவும் வராது. அவர் சமாதானம் ஆகலை. என் நிரலையே நகலெடுத்து, அந்த வரம்பை மட்டும் அழிச்சுட்டு, சொந்தமா ஒரு ஃபீட் ஆரம்பிச்சுட்டார்! கொஞ்சம் கடுப்பா இருந்தது உண்மை. ஆனா ட்விட்டர் காட்டின நிரல்ல செய்ய முடியாதது இதுதானே. இப்போ அவர் ஃபீடுக்கும் கூட்டம் இருக்கு. செய்தி சூடா இருக்கிற நாள்ல நானே அங்கதான் போறேன்.

சித்தப்பா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சாதிப் பேரைச் சொல்லித் திட்டுற பதிவுகளை வடிகட்ட ஒரு சொற்பட்டியல் வச்சிருக்கேன். நிரல் மொத்தமும் பொதுவுல இருக்கு, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை. வெளியிட்டா மறுநாளே எழுத்தை ஒண்ணு மாத்தி எழுதுவாங்க. "அப்போ அது மூடின அல்காரிதம். உன்னை யாருடா நாட்டாமை ஆக்கினது?"ன்னார். பட்டியல்ல எத்தனை சொல் இருக்குன்னும், அன்னிக்கு எத்தனை பதிவை அடைச்சதுன்னும் தினமும் எண்ணிக்கை போடுறேன்னு சொன்னேன். "எண்ணிக்கையை நம்பச் சொல்ற, பட்டியலைக் காட்ட மாட்டேங்கிற"ன்னார். அவர் சொல்றதும் சரி. ஆனா திட்டு வாங்குறது நானும் அவரும் இல்லையே. அதனால பட்டியல் இப்போதைக்கு மூடித்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், இதை ஃபீட் நடத்துறவங்க யாரும் அவ்வளவா சொல்றதில்லை. நீங்க ஃபீடைத் திறக்கும்போது திறந்தது நீங்கதான்னு உங்க அடையாளமும் என் சர்வருக்கு வந்து சேருது. யாருக்கு எதைக் காட்டலாம்னு தீர்மானிக்க அந்த வசதி. யார் எத்தனை மணிக்கு எதைப் படிக்கிறாங்கன்னு எழுதி வைக்க நினைச்சா வைக்கலாம். நான் வைக்கலை. எல்லாருக்கும் ஒரே வரிசைங்கிறதால எனக்கு அது தேவையும் இல்லை. ஆனா இது என் வாய்வார்த்தை மட்டும்தான், வெளியிட்ட நிரல்தான் சர்வர்ல ஓடுதுன்னு உங்களால சரிபார்க்க முடியாது. வேற ஃபீட்களைச் சேர்க்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கங்க.

சர்வர் வாடகை மாசம் ரெண்டு டோனர் கபாப் காசு, அது பிரச்சினை இல்லை. ஆள்தான் பிரச்சினை. பழைய திரட்டிகள் போன வழியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நடத்துறவருக்கு நேரம் இல்லாம போனா திண்ணையும் போயிடும். ஃபீடோட அறிவிப்பு ஒரு கணக்குக்குள்ளதான் இருக்கும். அதனால என் சொந்தக் கணக்குல போடாம, தனியா ஒரு கணக்கு திறந்து அதுல போட்டிருக்கேன். சாவி என்னைத் தவிர டொரன்டோவில் ஒருத்தர்கிட்ட இருக்கு. இந்தக் குளிர்காலத்துல நான் ஆய்வேடு எழுதியாகணும். இந்திய நேரத்துல முழிச்சிருக்கிற மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். பைத்தான் தெரியணும்னு கட்டாயம் இல்லை. அந்த மூடின பட்டியலைப் பார்த்து, 'இந்தச் சொல்லை ஏன் வச்சிருக்க?'ன்னு என்கிட்ட சண்டை போடத் தெரியணும். சித்தப்பாவைக் கேட்டேன், "எனக்கு எதுக்குடா வம்பு"ன்னு நழுவிட்டார். விருப்பம் இருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.